சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு தங்கப் போகிறீர்களா? மூட்டை கட்டும்போது நடக்கும் தவறுகள்

ஆடி அமாவாசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து பெரிய பாத்திரங்கள் இறங்கிவிடும். திருநெல்வேலி மாவட்டம் பாபநாசம் மலைப்பகுதியில் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, பூசை முடித்துத் திரும்புவது பல குடும்பங்களுக்கு வருடம் தவறாத வழக்கம். பதினைந்து, இருபது பேர் சேர்ந்துதான் போகிறோம். ஆனால் எதை எடுத்துப் போவது என்று மட்டும் யாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் மூட்டை. அங்கே படுகிற சிரமத்தில் பாதி இதனால் வருவதுதான்.

ஒரு வருடம் எங்கள் கூட்டத்தில் நான்கு குடும்பம், 18 பேர். மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் அரிவாள்மனை மூன்று, சோற்றுப்பானை நான்கு. அகப்பை ஒன்றுகூட இல்லை. தீப்பெட்டியை மதினி எடுத்திருப்பாள் என்று அம்மாவும், அத்தை எடுத்திருப்பாங்க என்று மதினியும் விட்டுவிட்டார்கள். பக்கத்துக் குடிலில் கேட்டு வாங்கித்தான் அன்றைக்கு உலை வைத்தோம். அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே பட்டியல். அதையும் குடும்பவாரியாக எழுதாமல் வேலைவாரியாக எழுதுகிறோம்: படுக்க, சமைக்க, வெளிச்சத்துக்கு, மருந்துக்கு, பூசைக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரே ஒருவருடைய பெயர். இரண்டு பெயர் எழுதினால் அந்தப் பொருள் வராது.

கார் டிக்கியை மனதில் வைத்துக்கொண்டு மூட்டை கட்டுவது இன்னொரு தவறு. அண்மை ஆண்டுகளில் திருவிழா நாட்களில் சொந்த வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது. டிக்கியில் சிரமமில்லாமல் கிடந்த நான்கு பானையும் மூன்று மெத்தையும் அங்கே தோளுக்கு வந்துவிடும். எங்கள் அளவு இதுதான்: அவரவர் பையை ஒரு கையால் தூக்கிப் படியேற முடிய வேண்டும், பொதுச் சாமானில் எதுவும் இரண்டு பேர் தூக்கும் கனத்தைத் தாண்டக் கூடாது. தங்கும் நாட்கள், குடில், அடுப்பு, சிலிண்டர் பற்றிய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் விடும் அறிவிப்பைப் பார்த்த பிறகு சாமான் வாங்குங்கள். இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல். அங்கே போய் விறகு ஒடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கே வேண்டாம்.

சரி, மழைக்கு வருவோம். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ வெயிலில் நின்று மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஆடி மாதத்துச் சாரல் நினைவுக்கு வராது. தென்மேற்குப் பருவக்காற்றில் மலையடிவாரம் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். கனத்த பருத்தி ஜமுக்காளம் ஒருமுறை நனைந்தால் திரும்பி வரும்வரை காயாது, தூக்கவும் முடியாது. மெல்லிய போர்வை இரண்டு அதைவிட நல்லது. பத்தமடைப் பாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

தார்ப்பாய் இரண்டு வேண்டும், மேலே ஒன்று, தரைக்கு ஒன்று. பலரும் தரைக்குப் பெரியதை விரித்துவிடுகிறார்கள். அதன் ஓரம் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து வடிகிற தண்ணீர் அதன்மேல் விழுந்து, நேராகப் படுக்கைக்கு அடியில் வந்து தேங்கும். தரைத் தார்ப்பாய் சுற்றிலும் ஒரு சாண் உள்ளடங்கியே இருக்க வேண்டும், நீட்டினால் மடித்துவிடுங்கள். அப்புறம், ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணி, ராத்திரி படுக்க மட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. மூடி இறுக்கமாக உள்ள பெயின்ட் வாளியைக் கழுவி அதில் போட்டுக்கொண்டு போனால் சொட்டு ஈரம் ஏறாது. தீப்பெட்டி, டார்ச், பேட்டரியும் அதற்குள்தான்.

பாலித்தீன் பையில் கட்டினால் போதுமே என்று தோன்றும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாபநாசம் சோதனைச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே நின்று பருப்பையும் அரிசியையும் எதில் கொட்டுவது என்று முழிப்பதைவிட, வீட்டிலேயே மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் கட்டிவிடலாம். டப்பாவுக்கு இன்னொரு பலனும் உண்டு: குரங்கால் அதைத் திறக்க முடியாது. திறந்து கிடக்கும் சாக்கு அதன் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சமையல் இல்லை.

சாப்பாட்டில் பயந்துபோய் அள்ளிக்கொண்டு போகிறோம். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி என்று வைத்தால், 20 பேருக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு வேளைச் சோற்றுக்கு 10 கிலோ. இதில் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால் அதற்கு மேல் தேவைப்படாது. 25 கிலோ சிப்பத்தை அப்படியே தூக்க வேண்டாம். முதல் வேளைக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் சேர்த்த எதுவும் வழியிலேயே ஊசிவிடும். சொதி வேண்டுமென்றால் முழுத் தேங்காயாகக் கொண்டுபோய் அங்கே பால் பிழியுங்கள். மிச்சச் சோற்றைக் காட்டில் கொட்டாதீர்கள், பன்றியும் கரடியும் அந்த வாசனைக்கு வரும்.

மருந்துப் பையில் மட்டும் ‘ஒன்று போதும்’ என்ற பேச்சு கூடாது. தாத்தாவின் சர்க்கரை மாத்திரை இரண்டு இடத்தில் இருக்கட்டும்: அவர் பையில் ஒன்று, மருமகள் பையில் ஒன்று. ஒரே பையில் வைத்து, அந்தப் பை அகஸ்தியர்பட்டியில் காரிலேயே தங்கிவிட்ட கதை எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. பாம்புக்கடிக்கென்று பிளேடும் கயிறும் எடுத்துவைப்பதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கீறுவதும் இறுகக் கட்டுவதும் கெடுதல்தான் செய்யும். கடிபட்டவரை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அங்கே பணியில் இருக்கும் மருத்துவக் குழு எங்கே இருக்கிறது என்று போனவுடன் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கென்று எடுப்பதில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரை குடிக்கிறார்கள். உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவரும் வழக்கமும் வேண்டாம், ஈரத்துணிக்கென்று ஒரு சாக்கு எடுத்துப் போங்கள். பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும் என்பதால் பின்பக்கம் வார் வைத்தது நல்லது. மேலே காரையாறு அணை இருக்கிறது. நீர் எப்போது கூடும் என்று சொல்ல முடியாது, எனவே பாத்திரத்தையும் பையையும் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு வராதீர்கள்.

செருப்பு என்றதும் ஒன்று. இந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்குச் செருப்புதான் காணிக்கை. பசுக்களைக் காக்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன் அவர்; செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கத் தன் பிராமணக் குலத்தை விட்டுச் செருப்புத் தைத்தவர். அந்தச் சந்நிதி முன்னால் தொங்கும் தோல் செருப்புகளைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கைச் செருப்பைத் தனித் துணியில் சுற்றிப் பூசைச் சாமானோடு வைக்க வேண்டும். வீட்டுச் செருப்புகளோடு கலந்து போட்டுவிட்டு அங்கே தேடக் கூடாது.

திரும்பி வந்த அன்றே தார்ப்பாயை மொட்டை மாடியில் காயப்போடுங்கள், ஈரத்தோடு மடித்தால் அடுத்த ஆடிக்குள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். அது காய்வதற்குள் பட்டியலை எடுத்து, பிரிக்காமலே திரும்பி வந்த பொருட்களை அடித்துவிட்டு, பக்கத்துக் குடிலில் இரவல் கேட்டதை எல்லாம் கீழே எழுதி, பெரிய பானைக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள்.