கவுண்டிச் சிறைப் பதிவில் நண்பரைத் தேடிக் கண்டுபிடித்த விதம்

டெக்சாஸில் என் அறைத்தோழர் ஓர் இரவு வாகனச் சோதனையில் கைதானார். பிடித்தது நகரக் காவலர்கள் என்றாலும் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் சிறையை நடத்துவது அதன் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம் என்பதால், அதன் இணையதளத்தில் கைதிகள் தேடல் பக்கத்தைத் திறந்து, அவருடைய பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. விடியும் வேளையில்தான் அவருடைய ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வந்தது. குடும்பப்பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்த நம்மவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரே குடும்பப்பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘முதற்பெயர் தெரியவில்லை’ (First Name Unknown) என்பதன் சுருக்கமான ‘எஃப்என்யூ’ (FNU) வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருடைய உரிமத்திலும் அப்படியே இருந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு இப்படியும் ஒரு கதி! உரிமத்தில் இருந்தபடியே இரண்டு கட்டங்களையும் நிரப்பி, பிறந்த தேதியையும் சேர்த்து இட்டதும், பதிவு எண், குற்றச்சாட்டு, பிணைத்தொகை ஆகிய மூன்றும் திரையில் வந்து நின்றன. பதிவு எண்ணை முதலில் தாளில் குறித்துக்கொண்டேன். பிணை கட்டவும் தொலைபேசியில் விசாரிக்கவும் அதைத்தான் கேட்டார்கள். சிறைப் பதிவு கைதானதை மட்டுமே சொல்லும் என்பதால், வழக்கு பின்னர் என்னவாயிற்று என்பதை நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தின் பதிவுகளில் தனியாகத் தேடிப் பார்த்துக்கொண்டேன்.