எடிட் ஆன ஆர்என்ஏ-வ எந்த புரோட்டீன் பிடிக்குது? லேப்டாப்லயே தேடிப் பாக்கற வழி

ஆர்என்ஏ எடிட்டிங்னு சொன்னதும் கிரிஸ்பர் மாதிரி நாம வெளியில இருந்து பண்ற வேலைன்னு நெறைய ஸ்டூடண்ட்ஸ் நெனச்சுக்கறாங்க. அது இல்லங்க, நம்ம செல்லு தன்னால செய்யற வேலை இது. ஏடார்னு ஒரு என்சைம், ரெட்டை இழையா மடிஞ்சு கெடக்கற ஆர்என்ஏ-ல (அதோட எழுத்துங்க ஏ, யு, ஜி, சி) இருக்கற ஏ எழுத்துல இருந்து அமினோ குரூப்ப கழட்டிவிட்டு அத ஐ ஆக்கிடும், ஐ-னா இனோசின். 1987-ல தவளை முட்டையில இத மொதல்ல பாத்தப்ப ரெட்டை இழைய பிரிச்சு விடற ஏதோ ஒண்ணுன்னுதான் நெனச்சாங்க, எழுத்தையே மாத்துதுங்கறது 1988-லதான் தெரிஞ்சுது. அந்த மொத எண்ணத்த மனசுல வெச்சுக்கோங்க, கீழ வேணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். "ஐ எழுத்த படிக்கற புரோட்டீன் எது"ன்னு தேட ஆரம்பிச்சா பாதி வழியிலயே நின்னுடுவீங்க. புரோட்டீன் தயாரிக்கற ரைபோசோம் ஐ-ய ஜி-யா படிக்கும், மூளையில இருக்கற க்ளூஏ2 ரிசெப்டர்ல க்ளுட்டமின் வரவேண்டிய எடத்துல ஆர்ஜினின் வர்றது அதனாலதான். எண்டோநியூக்ளியேஸ் V-ங்கற என்சைம், ஐ இருக்கற ஆர்என்ஏ-வ பாத்து வெட்டும். ஆனா பல எடத்துல புரோட்டீன் பாக்கறது எழுத்த இல்ல, மடிப்ப. ஏ-யும் யு-வும் ஜோடியா இருந்த எடத்துல ஐ வந்துட்டா அந்தப் பிடி தளந்து போகும், 1987-ல இழைய பிரிச்சு விடறதுன்னு நெனச்சது இதனாலதான். இறுக்கிப் பின்னின சடையில பூ சொருக எடமே இருக்காது, நாலு எடத்துல பின்னல் தளந்தா சொருகிடலாம்ல, அந்த மாதிரி.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் சிடிஎஸ்எஸ் ஜீன், கதெப்சின் எஸ்-ங்கற என்சைமோட ஜீன். இதோட எம்ஆர்என்ஏ-ல 3 பிரைம் யூடிஆர்ல (புரோட்டீனா மாறாத வால் பகுதி) ரெண்டு அலு ரிப்பீட் (ஜீனோம் பூரா திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டு) எதிரெதிரா பாத்துட்டு இருக்கு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மடிஞ்சுக்கும். ஏடார் வகையில ஒண்ணான ஏடார்1 வந்து அத எடிட் பண்ணினதும் ஹூஆர்-ங்கற புரோட்டீன் வந்து பிடிச்சுக்குது, எம்ஆர்என்ஏ சீக்கிரம் செதையாம நிக்குது. ரத்தக்குழாய் உள்பூச்சு செல்லுல இத காட்டி 2016-ல பேப்பர் வந்துச்சு. இதயே நாமளும் தேடிப் பாப்போம், எல்லாமே இலவசம், நெட் இருந்தா போதும்.

ஸ்டெப் 1: ஜீன பாருங்க

யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்ல எச்ஜி38-ங்கற மனுஷ ஜீனோம் வெர்ஷன செலக்ட் பண்ணி சிடிஎஸ்எஸ்-னு அடிங்க, 1-ஆம் குரோமோசோம்ல வந்து நிக்கும். 3 பிரைம் யூடிஆர் பக்கம் ஜூம் பண்ணி ரிப்பீட்டுங்கள காட்டற ரிப்பீட்மாஸ்கர் டிராக்க ஃபுல்லா தெறந்து விடுங்க. சைன்-ங்கற வரிசையில அலு எல்லாம் தெரியும், ஒவ்வொண்ணயும் கிளிக் பண்ணா அது டிஎன்ஏ-வோட ரெண்டு இழையில பிளஸ் ஸ்ட்ராண்டா மைனஸான்னு வரும். பக்கத்து பக்கத்துல எதிர் தெசையில ரெண்டு இருக்கான்னு பாருங்க, ஒரே தெசையில இருந்தா அதுங்க ரெண்டும் ஜோடி சேராது. நம்ம ஜீனோம்ல 10 லட்சத்துக்கு மேல அலு இருக்கறதால இந்த மாதிரி ஜோடி வேற ஜீன்லயும் நெறையவே கிடைக்கும், உங்களுக்குப் பிடிச்ச ஜீன்லயும் இதே வழியில தேடலாம்.

ஸ்டெப் 2: எடிட் ஆன எடங்கள எடுங்க

ரெடிபோர்ட்டல்-னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அங்க ஜீன் பேர் குடுத்தா எந்தெந்த பொசிஷன்ல எடிட்டிங் பாத்திருக்காங்கன்னு லிஸ்ட் வரும். இங்க ஒரு விஷயத்த நிதானமா படிங்க, ஏன்னா புதுசா வர்றவங்க இங்கதான் அதிகமா மாட்டறாங்க. சீக்வன்சிங் மெஷினுக்கு ஐ-னு ஒரு எழுத்தே தெரியாது, அது ஜி-னுதான் எழுதும், அதனால எடிட்டிங்னா ஏ இருந்த எடத்துல ஜி-னு தேடுவோம். ஆனா சிடிஎஸ்எஸ் மைனஸ் ஸ்ட்ராண்ட்ல இருக்கற ஜீன். நீங்களே ஆர்என்ஏ-சீக் ஃபைல (செல்லுல இருந்த ஆர்என்ஏ-வ படிச்ச டேட்டா) ஐஜிவி-ங்கற சாஃப்ட்வேர்ல தெறந்து பாத்தீங்கன்னா, அது பிளஸ் ஸ்ட்ராண்டதான் காட்டும்ங்கறதால டி (ஆர்என்ஏ-ல யு) இருந்த எடத்துல சி-னுதான் தெரியும், ஏ-ஜி தேடிட்டு இருந்தா ஒண்ணுமே இல்லன்னு மூடி வெச்சிடுவீங்க.

அடுத்தது, அந்த பொசிஷன் டிபிஎஸ்என்பி-ல (ஆளுக்கு ஆள் மாறற டிஎன்ஏ எழுத்துங்களோட டேட்டாபேஸ்) இருக்கான்னு பாருங்க. டிஎன்ஏ-லயே ஜி இருக்கறவங்களோட சாம்பிள்ல அது எடிட்டிங்கே இல்ல. கூடவே முன்னாடி இருக்கற எழுத்தயும் பாருங்க, ஏ-க்கு முன்னாடி ஜி இருந்தா ஏடாருக்குப் பிடிக்காது, யு இருந்தா ரொம்பப் பிடிக்கும். லிஸ்ட்ல பாதி எடத்துல முன்னாடி ஜி-யே இருந்துச்சுன்னா அந்த டேட்டாவ நான் நம்ப மாட்டேன்.

ஸ்டெப் 3: மடிச்சுப் பாருங்க

ரெண்டு அலுவயும் நடுவுல இருக்கற பகுதியயும் சேத்து காப்பி பண்ணி, மைனஸ் ஸ்ட்ராண்ட் ஜீன்ங்கறதால ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் (எதிர் இழையோட எழுத்து வரிசை) எடுத்து, மடிப்ப கணக்கு போட்டுக் காட்டற ஆர்என்ஏஃபோல்ட் வெப்சைட்ல போடுங்க. நீளமான தண்டு மாதிரி ஒரு படம் வரும். அப்புறம் எடிட் ஆகற ஏ எல்லாத்தயும் மாத்திட்டு மறுபடி போடுங்க. பொதுவா ஜி-யா மாத்துன்னுதான் சொல்லிக்குடுப்பாங்க, ஆனா ஐ-யோட பிடி ஜி அளவுக்கு கெட்டியா இருக்காது, அதனால ஒரு தடவ ஜி போட்டும் இன்னொரு தடவ என் (எந்த எழுத்துன்னு தெரியாதுங்கறதுக்கான குறி) போட்டும் பாக்கறது நல்லது, என்-ன அது ஜோடி சேக்காம விட்டுடும். உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும். எல்லா எடமும் தளராதுங்கறதயும் கவனிங்க, ஏ எதிர்ல சி இருந்து ஏற்கனவே ஜோடி சேராம இருந்த எடத்துல ஐ வந்தா அது சி-யோட ஜோடி சேந்து இன்னும் இறுகிடும். எந்த எடம் தளருது, எந்த எடம் இறுகுதுன்னு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: புரோட்டீன் எங்க உக்காருது

செல்லு மேல 254 நானோமீட்டர் யூவி அடிச்சா ஆர்என்ஏ-வும் அத தொட்டுட்டு இருக்கற புரோட்டீனும் ஒட்டிக்கும், அந்தப் புரோட்டீன ஆன்டிபாடி போட்டு இழுத்து கூட வர்ற ஆர்என்ஏ-வ படிக்கறதுதான் கிளிப். இந்த டேட்டாவ என்கோரி-ங்கற வெப்சைட்ல தேடலாம், அங்க ஹூஆர் பேர் ஈஎல்ஏவிஎல்1-னு இருக்கும். வர்ற எடங்கள ஸ்டெப் 3-ல குறிச்ச எடத்தோட வெச்சுப் பாருங்க. ஹூஆருக்கு யு நெறைய இருக்கற ஒத்தை இழைதான் பிடிக்கும், அதனால தளர்ந்த பகுதிக்குப் பக்கத்துல யு வரிசை இருக்கான்னு பாக்கணும்.

ஒரு எச்சரிக்கை. பார்-கிளிப்-ங்கற வகையில 4-தயோயூரிடின் குடுத்துதான் ஒட்ட வெப்பாங்க, அதுலயும் டி எல்லாம் சி-யா மாறி வரும். ஸ்ட்ராண்ட் விவரம் இல்லாம பாத்தா அத எடிட்டிங்னு நெனச்சிடுவீங்க.

எடிட்டிங் ஆனதால *போய் ஒட்டாத* புரோட்டீனும் உண்டு, அத மறந்துடாதீங்க. வைரஸுக்குக் காவல் நிக்கற எம்டிஏ5-ங்கற புரோட்டீன், நீளமான ரெட்டை இழை ஆர்என்ஏ-வ பாத்தா வைரஸ் வந்துடுச்சுன்னு அலாரம் அடிக்கும், நம்ம சொந்த அலு ஜோடி எடிட் ஆகாம கெடந்தா அதயும் வைரஸ்னு எடுத்துக்கும். ஏடார்1 வேலை செய்யாத எலிக்குட்டி கருவுலயே செத்துடும், ஆனா எடிட் பண்ற திறன மட்டும் எடுத்துட்டு எம்டிஏ5-யும் சேத்து எடுத்தப்ப உயிரோட பொறந்துச்சு, இது 2015-ல வந்த ரிசல்ட். மனுஷங்கள்ல ஏடார்1 ஜீன்ல கோளாறு இருந்தா ஐகார்டி-குட்டியேர்ஸ்னு குழந்தைங்களுக்கு வர்ற மூளை நோய் வரலாம். இத படிச்ச அப்புறம் இந்த எழுத்து மாற்றத்த சின்ன விஷயமா என்னால பாக்கவே முடியல.

ஸ்டெப் 5: லேப் கிடைச்சா

இதுவரைக்கும் நீங்க பாத்தது ஒரே எடத்துல ரெண்டும் இருக்குங்கறத மட்டும்தான், எடிட்டிங்னாலதான் ஹூஆர் வந்துச்சுன்னு அது காட்டாது. மொதல்ல ஒரே செல்லுல இருந்து டிஎன்ஏ-வும் சிடிஎன்ஏ-வும் (ஆர்என்ஏ-வ டிஎன்ஏ-வா காப்பி எடுத்தது) எடுத்து சாங்கர் முறையில சீக்வன்ஸ் பண்ணுங்க, டிஎன்ஏ-ல ஏ மட்டும், சிடிஎன்ஏ-ல ஏ-வும் ஜி-யும் ரெண்டு பீக்கா வரணும். அப்புறம் ஏடார்1-ஐ கொறச்சிட்டு ஹூஆர் ஆன்டிபாடியால இழுத்து சிடிஎஸ்எஸ் எவ்ளோ வருதுன்னு அளங்க. கொறஞ்சா உடனே முடிவு கட்டிடாதீங்க, ஏடார்1-உம் ஆர்என்ஏ-வ பிடிக்கற புரோட்டீன்தான், எடிட்டிங் போனதாலயா, அந்தப் புரோட்டீனே போனதாலயான்னு இதுல பிரிக்க முடியாது. அதுக்கு ஈ912ஏ-ங்கற மியூட்டன்ட் ஏடார்1-ஐ திரும்ப உள்ள விடுவாங்க, அதால எடிட் பண்ண முடியாது. அத விட்டும் ஹூஆர் திரும்பி வரல, நல்ல ஏடார்1 விட்டா வருதுன்னா அப்ப எடிட்டிங்தான் காரணம்னு சொல்லலாம்.