ஆவணத்தில் முதலில் எடுத்துக்காட்டு, பிறகு விளக்கம்

கணினி நிரல்மொழிக்கு ஆவணம் எழுதுவோர் இலக்கணத்தை முதலில் விளக்கி, எடுத்துக்காட்டைக் கடைசியில் வைப்பதுண்டு. புதிதாகக் கற்பவர்களுக்காக இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பெருமளவு குழப்பம் தீரும்.

பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் 'சார்ட்' (sort) என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அது இருக்கும் பட்டியலையே மாற்றியமைத்துவிட்டு, 'நன்' (None) என்னும் வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. ஆவணத்தில் இதற்கு ஒரு வரி இருந்தாலும், புதியவர் அதன் உட்பொருளை உணராமல், விளைவை, பட்டியல் இருந்த 'மதிப்பெண்கள்' என்ற அதே மாறியில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) சேமித்து, அடுத்த வரியில் அச்சிட்டுப் பார்த்து, தம் தரவு முழுவதும் தொலைந்துபோனதே என்று திகைக்கிறார். ஆகவே 72, 45, 90 என்ற சிறு பட்டியலை வைத்து, சரியான பயன்பாட்டையும் 45, 72, 90 என்ற வெளியீட்டையும் முதலில் காட்டுங்கள். அதன் கீழேயே தவறான பயன்பாட்டையும், அப்போது திரையில் தோன்றும் 'நன்' என்பதையும் காட்டுங்கள். மூலப் பட்டியல் மாறாமல் புதிய பட்டியல் வேண்டுமென்றால் 'சார்ட்டட்' (sorted) இருக்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேறு பக்கத்துக்கு அனுப்பக் கூடாது.

மாறிகளுக்கு 'ஃபூ', 'பார்' போன்ற பொருளற்ற பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். பிழைச் செய்திகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதியுங்கள், ஏனெனில் சிக்கிக்கொண்டவர் அந்த வரியைத்தான் தேடுவார். எழுதி முடித்தபின், பைத்தானுடனேயே வரும் 'டாக்டெஸ்ட்' (doctest) என்னும் சோதனைக் கருவியைக் கொண்டு எடுத்துக்காட்டுகளை இயக்கிச் சோதியுங்கள். ஆவணத்திலுள்ள வெளியீடும் உண்மையான வெளியீடும் வேறுபட்டால், எந்த வரியில் என்று அது காட்டிவிடும்.