மலையகத்தில் இருந்து கணினி இசை: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு மின்னணு இசை பழக ஒரு மடிக்கணினியும் போனும் ஹெட்போனும் போதும். ஒலியை நாமே உருவாக்க உதவும் மென்பொருள்களான பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் ஓடாசிட்டி மூன்றும் இலவசம். ஆனால் பலர் காதைத் திறக்குமுன் மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். இணையத்தில் இறக்கிய லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துண்டுகளை) அடுக்கினால் யாரோ முடித்துவைத்த இசைதான் கிடைக்கும். 1948இல் பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிந்து, அவற்றைக் கொண்டே இசை அமைத்தார். நானுஓயாவுக்கு மூச்சு வாங்க ஏறும் ரயிலும் அதற்குக் குறைந்ததில்லை.

பதிவில் விழும் தவறுகள்தான் அதிகம் வதைப்பவை. தப்பு என்ற தோல் மேளத்தைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். போனின் சாதாரணப் பதிவுச் செயலி, பலத்த அடி விழுந்ததும் ஒலியைத் தானாகக் குறைக்கும், அடிகளின் இடைவெளியில் திரும்ப உயர்த்தும். அடியின் கூர்மை போய்விடும், நடுவில் இரைச்சல் மேலெழும். பிறகு எந்த மென்பொருளாலும் இதை மீட்க முடியாது. தானியங்கி அளவை நிறுத்தக்கூடிய செயலியில், 48,000 சாம்பிள் வீதத்தில் (செக்கனுக்கு 48,000 ஒலி அளவீடுகள்), சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒவ்வோர் அளவீட்டுக்கும் 24 பிட் இருந்தால் நல்லது. மிகப் பலத்த அடியிலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. அடிக்கும் முகத்துக்கு நேரே நிற்காமல், ஒன்றரை மீட்டர் தள்ளிச் சற்றுச் சாய்வாக நில்லுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தீயில் காய்ச்சிய தோல் பனிமூட்டத்தில் மெல்லத் தளரும், சுருதியும் இறங்கும். காய்ச்சிய உடனே எடுத்த அடியையும் அரை மணி கழித்து எடுத்ததையும் ஒட்டினால் ஒட்டு காதில் குத்தும். காய்ச்சிய நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மலைமேட்டுக் காற்றுக்கு வெறும் ஸ்பொஞ்ச் உறை தாங்காது. மயிர் உறை போடுங்கள், இல்லையேல் சுவர் மறைவுக்குப் போங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் குறையும், ஆனால் காற்று மோதி உடைந்த ஒலி உடைந்ததுதான். குளிரில் இருந்து வந்த ஒலிவாங்கியை அடுப்பு எரியும் அறையில் உடனே வெளியே எடுத்தால் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி விடுங்கள்.

கணினிக்குள் வந்தபின், சாம்பிள் வீதம். 44,100இல் பதிந்த கோப்பை 48,000இல் ஓடும் பியூர் டேட்டா மாற்றாமலே வாசிக்கும். வேகம் சுமார் 9 விழுக்காடு கூடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஒலியைச் சட்டென்று திறந்து மூடினால் ‘டக்’ என்று வெடிக்கும். பியூர் டேட்டாவில் ஒரு மதிப்பைச் சீராக நகர்த்தும் ‘லைன்~’ கொண்டு 10 முதல் 20 மில்லிசெக்கனில் ஏற்றி இறக்குங்கள். ஒலி எதிர்பாராமல் பலத்துவிடாதிருக்க, வெளியீட்டுக்கு முன் 0.1ஆல் பெருக்குவதும் கட்டாயம். புதிய இணைப்பை முதன்முதல் ஓட்டும்போது ஹெட்போன் கழுத்தில் இருக்கட்டும், காதில் வேண்டாம்.

காட்சியோடு ஒலியைப் பின்னுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இசையை முடித்துவிட்டுப் படத்தை மேலே ஒட்டுவது. ‘இன்டர்மீடியா’ என்ற சொல்லை 1960களில் பரப்பிய கலைஞர் டிக் ஹிகின்ஸ் குறித்தது கலைகளுக்கு இடையே விழும் படைப்பை, அலங்காரத்தை அல்ல. கொழுந்து பறிக்கும் கையசைவைக் கமரா பார்த்து ஒலியை நகர்த்துவதாக வைப்போம். முதலில் கமராவின் தானியங்கி ஒளியளவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மேகம் கடந்தாலே கமரா தன்னைச் சரிசெய்யும், கை அசையாமலே சுருதி ஏறி இறங்கும். அடுத்து, செக்கனுக்கு 30 படம் என்றால் எண்கள் 33 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் வரும். நேரே இணைத்தால் ஒலி படிக்கட்டாகக் கரகரக்கும், 40 மில்லிசெக்கன் ‘லைன்~’ அதை வழுவழுப்பாக்கும்.

அசைவை 110இல் இருந்து 1,760 ஹெர்ட்ஸ் வரை நேர்கோட்டில் பரப்புவதும் தவறு. காது விகிதத்தைக் கேட்கிறது, கூட்டலை அல்ல. முதல் பாதி அசைவிலேயே மொத்தமுள்ள நான்கு எட்டுச்சுரங்களில் (ஆக்டேவ்) மூன்று கடந்துவிடும், மீதிப் பாதிக்கு ஒன்றுதான் மிஞ்சும். மிடி எண் (ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் ஓர் எண்) 45 முதல் 93 வரை பரப்பி, அதை ஹெர்ட்ஸாக மாற்றும் ‘எம்டொஃப்’ வழியாக அனுப்பினால் நான்கும் சமமாக விரியும்.

தோட்டத்து மண்டபத்தில் குழாய் ஸ்பீக்கர்தான் இருக்கும் என்றால் ஆழ்ந்த பேஸை நம்பி இசை அமைக்காதீர்கள், அது அங்கே கேட்காது. ஒருமுறை மோனோவாக, இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கலந்து கேட்டுப் பாருங்கள், இரண்டின் அலைகளும் எதிரெதிராக இருந்தால் பாதி இசை காணாமல் போகும். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றால் குற்றம் மின்பாதையில், நிற்காவிட்டால் கேபிளில் தேடுங்கள். பேட்டரி முழுதாக இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் கணினி அணையாது, ஸ்பீக்கர் மட்டுமே ஊமையாகும்.