சரக்கேற்றும் முன் ஒரு நிமிடம்: விண்வெளி வணிக விளையாட்டுகளில் செய்யக்கூடாதவை

1984-இல் டேவிட் ப்ரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய 'எலீட்' என்னும் கணினி விளையாட்டு, ஒரு விண்கலத்தையும் 100 கிரெடிட்டையும் (ஆட்டத்துக்குள் பணம்) கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். உணவை விவசாயக் கோளில் வாங்கித் தொழிற்கோளில் விற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அதன் வாரிசாக 2014-இல் வந்த 'எலீட் டேஞ்சரஸ்' நம் பால்வீதியையே சுமார் 40,000 கோடி விண்மீன் தொகுதிகளோடு விரித்துவைத்தது. உன் பாதையை நீயே தேடு என்னும் அந்தச் சுதந்திரத்துக்கு நான் மயங்கியவன். புதிதாக வருவோர் பலர் மனம் வெறுத்துப் பாதியில் போவதும் அதே சுதந்திரத்தால்தான் என்பது எனக்கு வருத்தம். பெரும்பாலான இழப்புகள் தவிர்க்கக்கூடியவை.

முதலாவது, எல்லாவற்றிலும் கொடியது: கையிருப்பு முழுவதையும் போட்டுப் பெரிய கப்பல் வாங்குவது. 'எலீட் டேஞ்சரஸ்' ஆட்டத்தில் கப்பல் அழிந்தால் அதன் மதிப்பில் 5 சதவீதத்தைக் காப்பீட்டுத் தொகையாகக் கட்டித்தான் திரும்பப் பெறமுடியும். கருவிகளோடு சேர்த்து 8 கோடி கிரெடிட் பெறும் கப்பல் என்றால் 40 லட்சம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பல வாரங்கள் சேர்த்தது ஒரே மோதலில் போய்விடும். சரக்குக்குக் காப்பீடே கிடையாது. ஏற்றிய சரக்கு போனால் போனதுதான். ஆகவே இருமுறை காப்பீடு கட்டும் அளவு பணத்தையும் இன்னொரு முறை சரக்கு வாங்கும் பணத்தையும் தனியே வையுங்கள். அது சேரும்வரை சின்னக் கப்பலே போதும். கூடுதலாகச் சில டன் ஏற்றுவதற்காகக் கேடயத்தைக் கழற்றுவதும் இதே பேராசையின் இன்னொரு முகம்.

அடுத்தது, டன்னுக்கு எவ்வளவு லாபம் என்று மட்டும் பார்ப்பது. ஆல்ஃபா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம், நாம் வந்திறங்கும் விண்மீனிலிருந்து சுமார் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. சாதாரண இயந்திரத்தோடு என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நேர்கோட்டில் பறந்தால்தான் போய்ச் சேரலாம். கிளம்பும் முன் நிலையத்தின் தொலைவை ஒளிநொடியில் பாருங்கள். இறங்குதளத்தின் அளவையும் பாருங்கள். டைப்-7 போன்ற கப்பலுக்குப் பெரிய தளம் வேண்டும். சிறு புறக்காவல் நிலையங்களில் அது கிடையாது. நிலையத்தை நெருங்கும்போது, சேர இன்னும் 7 நொடி என்று காட்டும் இடத்தில் வேகத்தை 75 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால், நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிவரும் அலைச்சல் இல்லை.

கொள்ளையர் வழிமறித்தால் சண்டை பிடிக்காதீர்கள். வேகத்தைப் பூஜ்யமாக்கி உடனே அடங்கிவிடுங்கள்; அப்படிச் செய்தால் தாவல் இயந்திரம் விரைவில் மீண்டும் தயாராகிவிடும். பிறகு அதே தொகுதிக்குள் ஓடாமல் வேறொரு விண்மீனுக்குத் தாவுங்கள். பெரிய கப்பல் அருகில் நின்றாலும் அந்தத் தாவலை அது தாமதப்படுத்தமுடியாது.

எரிபொருள் விஷயம் சுருக்கமானது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் என்னும் ஏழு வகை விண்மீன்களில் மட்டுமே எரிபொருள் அள்ளலாம். அள்ளும் கருவியைப் பொருத்தி, வழியில் அவை இருக்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தே போனாலும் ஃப்யூயல் ராட்ஸ் என்ற ஆட்டக்காரர் குழு காசு வாங்காமல் தேடிவந்து நிரப்பிக் கொடுக்கும். முன்பின் அறியாதவருக்காக நூற்றுக்கணக்கான ஒளியாண்டு பறந்துவரும் அந்த மனிதர்களைப் போல இந்த விளையாட்டின் பெருமையைச் சொல்ல வேறொன்று இல்லை. மூச்சுக்காற்று தீரும் நேரத்தைக் காட்டும் உயிர்காப்புக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தால் முதலில் ஆட்டத்திலிருந்து வெளியேறி முகப்புக்குப் போங்கள், பிறகு அவர்களை அழையுங்கள்.

2003-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த 'ஈவ் ஆன்லைன்' வேறு மாதிரி. அங்கே கொள்ளையரும் ஆட்டக்காரர்களே. 'பாதுகாப்பான' பகுதியிலும் காவற்படையான கான்கார்ட் தாக்கியவரைத் தண்டிக்கும், உங்களைக் காப்பாற்றாது. தங்கள் கப்பல் அழிவது உறுதி என்று தெரிந்தே, சரக்கின் மதிப்பு அந்த நஷ்டத்தைவிட அதிகமா என்று கணக்குப் பார்த்துத்தான் அடிப்பார்கள். எனவே அந்த ஆட்டத்தின் பெரிய வணிக மையமான ஜிட்டா சந்தைக்குப் போகும் வழியில் எல்லாச் செல்வத்தையும் ஒரே கப்பலில் ஏற்றித் தானியங்கிப் பயணத்தில் விட்டுவிட்டுத் தேநீர் போடப் போகாதீர்கள். தானியங்கி, அடுத்த விண்மீன் தொகுதிக்குத் தாவும் வாயிலுக்குச் சில கிலோமீட்டர் முன்பே கப்பலை நிறுத்தி ஊர்ந்து போகவைக்கும். காத்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளியே போதும். சரக்கை மூன்று நடையாகப் பிரித்து, ஒவ்வொரு வாயிலிலும் நீங்களே கப்பலை ஓட்டிச் செல்லுங்கள்.