டபுள் ஹைட் ஹால்ல பெரிய காலிச் சுவரா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டூப்ளெக்ஸ் வீடு கட்டுறவங்க நிறைய பேர் இப்போ ஹாலை டபுள் ஹைட்டா, அதாவது நடுவுல தளம் போடாம ரெண்டு மாடி உயரத்துக்கு விடுறாங்க, குடி போனதுக்கு அப்புறம்தான் சோஃபாவுக்குப் பின்னாடி 18, 20 அடிக்கு நிக்கிற அந்த வெள்ளைச் சுவர் கண்ணை உறுத்த ஆரம்பிக்குது. உடனே கடைக்குப் போய் கண்ணுல பட்ட நாலு ஃப்ரேமை வாங்கிட்டு வந்து அங்கொண்ணு இங்கொண்ணா மாட்டிடுறாங்க. முதல் தப்பே அதுதான். ஒன்றரை அடி படத்தை அவ்வளவு பெரிய சுவர்ல மாட்டினா சுவர் இன்னும் காலியாத்தான் தெரியும். சோஃபா அகலத்துல மூணுல ரெண்டு பங்காவது படம் இருக்கணும், 7 அடி சோஃபான்னா கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி. அவ்வளவு பெருசா ஒரே படம் வாங்க முடியலன்னா சின்னப் படங்களை ரெண்டு மூணு இன்ச் இடைவெளியில நெருக்கி மாட்டுங்க, தூரத்துல இருந்து பாக்க ஒண்ணாத் தெரியும். டிரில் போடுறதுக்கு முன்னாடி பழைய நியூஸ்பேப்பரை அதே சைஸுக்கு வெட்டி மாஸ்கிங் டேப்ல ஒட்டி ரெண்டு நாள் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, தயவுசெஞ்சு இதை மட்டும் விட்டுடாதீங்க.

சுவர் உயரமா இருக்குன்னு படத்தையும் மேல ஏத்திடாதீங்க. படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து கிட்டத்தட்ட 5 அடியில வந்தாத்தான் கழுத்தைத் தூக்காம பாக்க முடியும். அதுக்கு மேல சுவர் காலியா இருந்தா இருக்கட்டுமே, அந்த உயரம்தான் ஹாலுக்கே அழகு, அதை ஏன் அடைக்கணும்? மேலதான் மாட்டணும்னா நம்ம பழைய வீடுகள்ல தாத்தா பாட்டி போட்டோவை எப்படி மாட்டியிருப்பாங்கன்னு பாருங்க, மேல் பக்கம் கயிறு கட்டி முன்னாடி சாய்ச்சு விட்டிருப்பாங்க, கீழ நிக்கிறவங்களுக்கு முகம் நேராத் தெரியும்.

எதிரொலியை யாருமே யோசிக்கிறதில்ல. தரை டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், அதுக்கு மேல சுவர்லயும் மிரர் பேனல் போட்டா பேசுறது எல்லாம் எதிரொலிக்கும். அந்த இடத்துல நீளமா ஒரு கலம்காரித் துணியோ கனமான கைத்தறி விரிப்போ தொங்கவிட்டா சத்தம் கொஞ்சம் அடங்கும், உயரத்துக்கும் பொருந்தும்.

புதுச் சுவர்ல ஈரம் போறதுக்குள்ள வால்பேப்பர் ஒட்டாதீங்க, உரிஞ்சு வந்துடும். வெளிப்பக்கம் மழை அடிக்கிற சுவர்னா ஒரு ஐப்பசி கார்த்திகை போகட்டும், உப்பு பூக்குதா, ஓதம் ஏறுதான்னு பாத்துட்டு செய்யுங்க. தஞ்சாவூர் ஓவியத்தை அந்தச் சுவர்ல மாட்டவே கூடாது, பாத்ரூமை ஒட்டின சுவரும் வேண்டாம், உள்ள இருக்குறது பலகையும் துணியும் சுண்ணப்பூச்சும், ஈரம் பட்டா கெட்டுப்போகும்.

ஏஏசி பிளாக் (உள்ள காத்துத் துளைகளோட வர்ற, எடை குறைஞ்ச சிமெண்ட் பிளாக்) சுவரா இருந்தா சாதாரண பிளக் போட்டு வெயிட்டான ஃப்ரேமை மாட்டாதீங்க, நாளாக நாளாக லூஸ் ஆகும், அந்த பிளாக்குக்குன்னே தனி ஆங்கர் விக்கிறாங்க. ஸ்டோன் கிளாடிங்கை, அதாவது சுவர் மேல அழகுக்குப் பதிக்கிற கல்லை, உயரத்துல வெறும் பசையை மட்டும் நம்பி ஒட்ட விடாதீங்க, கிளாம்ப் போடச் சொல்லுங்க, கீழ குழந்தைங்க விளையாடுற இடம் அது.

லைட்டை சுவரை ஒட்டி வெச்சா புட்டி மேடு பள்ளம் எல்லாம் அப்படியே தெரியும், கல்லுக்கும் டெக்ஸ்சருக்கும் அது நல்லா இருக்கும், ப்ளெயின் பெயிண்ட்டுக்கு ஒன்றரை ரெண்டு அடி தள்ளி வையுங்க. சாரம் பிரிக்கிறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேல வேணும்ங்கிற பாயிண்ட்டை எல்லாம் இழுத்து வெச்சுக்குங்க, விட்டுட்டா ஒரு லைட்டுக்காக மறுபடியும் சாரம் கட்டணும்.