தீக்காயம் பட்ட குழந்தைக்கு ‘ஸ்டெம் செல்’ போடலாம் என்கிறார்களா? கையெழுத்துக்கு முன்னால் இதைப் படியுங்கள்

குழம்போ வெந்நீரோ குழந்தை மேல் கொட்டிவிட்டால் முதல் வேலை, 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது. பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரி. ஸ்டெம் செல் (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்) பேச்சு வந்தால், காயம் எவ்வளவு ஆழம் என்று முதலில் கேளுங்கள்.

கொப்புளம் கட்டி, அடியில் ஈரமாக இளஞ்சிவப்பாகத் தெரிகிற காயமென்றால், மயிர்க்கால்களில் தப்பியிருக்கும் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தோலை மூடிவிடும். இதற்குப் போய் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆழமான காயத்துக்கு, தொடை மாதிரி நல்ல இடத்திலிருந்து தோல் சீவி எடுத்து ஒட்டுவதுதான் இன்றும் வழக்கம்.

சீவி எடுக்கவே போதுமான தோல் மிஞ்சாத குழந்தைக்குத்தான், அதன் செல்லிலிருந்து லேபில் வளர்த்த தோல் உயிர் காக்கும். 1983இல் அமெரிக்காவின் வயோமிங்கில் 5, 6 வயது அண்ணன் தம்பிக்கு உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோனது. தப்பிய துளித் தோலிலிருந்து விஞ்ஞானி ஹோவர்ட் கிரீன் குழுவினர் புதுத்தோல் வளர்த்துக் கொடுக்க, பாஸ்டனில் இருவரும் பிழைத்தார்கள். 2015இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் மரபணுக் கோளாறால் மேல்தோலில் சுமார் 80 சதவீதத்தை இழந்த 7 வயதுப் பையனுக்கு, இத்தாலியில் மிக்கேலே தே லூக்கா குழுவினர் மரபணுவையும் திருத்தித் தோல் வளர்த்தார்கள். மூன்று பேருக்குமே அவரவர் தோல் செல்தான் உதவியது, தொப்புள்கொடி ரத்தமோ கொழுப்போ அல்ல. (பி.ஆர்.பி. என்பது ரத்தத் தட்டணுக்கள். அதை ஸ்டெம் செல் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.) இப்படி வளர்ப்பது மேல்தோல் மட்டுமே, அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது, முடி முளைக்காது, ஆரம்பத்தில் லேசாக உரசினாலே கொப்புளம் வரும். தீக்காயத்தில் தழும்பு இறுகி மூட்டு மடங்கிப்போகாமலிருக்க பிசியோதெரபி எப்படியும் வேண்டும்.

சரி, டாக்டரிடம் என்ன கேட்பது? யாருடைய செல், எந்த லேபில் வளர்த்தது, சி.டி.ஆர்.ஐ. (மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் இந்திய அரசு இணையதளம்) பதிவு எண் என்ன. அந்த எண்ணை அந்தத் தளத்திலேயே போட்டு, உங்கள் ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறதா, எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்று போட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது குறிப்பிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான். மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ‘பேக்கேஜ்’ என்று பில் நீட்டினால் பேச்சு அதோடு முடிந்தது.

சோதனையில் சேர்வதென்றால் தகவல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். ஏழு வயதுக்கு மேலிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பாதியில் விலக நினைத்தாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.